எழுதுவது ஃபெதர்ஸ்டன்ஹா, கூப்பிடுவது ஃபான்ஷா

ஜூலை 11, 2024, வியாழன் – அப்பார்க், மேற்கு சசெக்ஸ்

17 எழுத்தில் எழுதி, இரண்டே அசையில் கூப்பிடும் ஒரு குடும்பப் பெயர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஏட்டில் ஃபெதர்ஸ்டன்ஹா. வாயில் வருவது ஃபான்ஷா. எல்லாக் குடும்பமும் அப்படிச் சுருக்குவதில்லை. சிலர் முழுசாகச் சொல்கிறார்கள், சிலர் ஃபெஸ்டன்ஹா என்கிறார்கள். எழுதுவதிலும் ஒரு எழுத்து கூடும், ஒரு எழுத்து குறையும். வேலை பார்த்த காலமெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் படித்தவன் நான். இனிஷியல் ஒன்று மாறினாலே பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிற இடம் அது. அதனால் இந்தப் பெயர்மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ரெடிங்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் இந்தத் தடவை, பெயர் பிறந்த இடம் வரைக்கும் போய்ப் பார்ப்பது என்று நானும் மனைவியும் கிளம்பிவிட்டோம்.

பெயர் பிறந்தது வடகோடியில், நார்தம்பர்லாந்தில். ஆனால் இந்தப் பெயருக்குப் பெரிய வீடு அமைந்தது தெற்கே. அதனால் முதலில் அப்பார்க். மகள்தான் காரில் கூட்டிப் போனாள். சவுத் ஹார்ட்டிங் கிராமத்தைத் தாண்டியதும் செங்குத்தாக ஒரு ஏற்றம். மேலே போனால் செங்கல் நிற மாளிகை, சுற்றிலும் புல்வெளி, தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிகிறது. ஜூலை மாதம் என்றுதான் பெயர், காற்று ஸ்வெட்டருக்குள் நுழைகிறது.

வீட்டைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள். 1747ல் இதை வாங்கியவர் மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா. வடக்கத்திக்காரர். தூரத்து உறவினர் ஒருவர், அவரும் இதே பெயரின் ஒரு கிளை, வாரிசில்லாமல் போனபோது ஏராளமான சொத்து இவருக்கு வந்தது. கூடவே நிபந்தனை: பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் வாங்க வேண்டும், தெற்கே ஒரு பண்ணை வாங்க வேண்டும். இரண்டையும் செய்தார். சர் மேத்யூ ஆனார்.

அவர் மனைவி சாரா, திருமணமாகி வரும்போது கொண்டுவந்த பொம்மை வீடு இன்னும் இங்கே இருக்கிறது. அதன்முன் நாங்கள் மூவரும் ரொம்ப நேரம் நின்றோம். விரல் உயரத்துக்கு நாற்காலிகள், நிஜ வெள்ளியில் தட்டுகள், மேசை விரிப்பு. உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம்: எஜமானக் குடும்பத்துப் பொம்மைகளுக்கு முகம் மெழுகு, வேலைக்காரப் பொம்மைகளுக்கு முகம் மரம். விளையாட்டுச் சாமானிலேயே யார் மேல், யார் கீழ் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

மேல், கீழ் என்ற அந்த எல்லையை இந்த வீட்டிலேயே ஒருவர் தாண்டினார் என்பதுதான் கதை. சர் மேத்யூவின் ஒரே மகன் சர் ஹாரி. இளம் வயதில் ஆட்டம் பாட்டம். பிற்பாடு கடற்படைத் தளபதி நெல்சனின் காதலியாக, லேடி ஹாமில்டன் என்று உலகப் புகழ்பெற்ற எம்மா, பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணாக இங்கே இருந்தாள். கர்ப்பமானதும் அவளை அனுப்பிவிட்டார். அதை நான் மன்னிக்கத் தயாரில்லை. அப்புறம் பல வருஷம் கல்யாணம் இல்லை. 1825ல், 70 வயதில், தன் பால்பண்ணையில் வேலை பார்த்த மேரி ஆன் புல்லக்கைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு இருபதை ஒட்டிய வயது. பாரிசுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 1846ல் அவர் இறந்ததும் சொத்து முழுக்க அவளுக்கு.

இங்கேதான் எனக்குள் இருந்த பதிவு அலுவலக ஆசாமி விழித்துக்கொண்டார். மேரி ஆன் 1874ல் போன பிறகு தங்கை ஃபிரான்சஸ் புல்லக்குக்கு வீடு போகிறது. அவள் தன் பெயரையே ஃபெதர்ஸ்டன்ஹா என்று மாற்றிக்கொள்கிறாள். அவளுக்குப் பின் வந்த கர்னல் டர்னர், டர்னர்-ஃபெதர்ஸ்டன்ஹா ஆகிறார். அவருக்குப் பின் வந்த அட்மிரல் மீட், மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா ஆகிறார். இவர்களில் யாருடைய உடம்பிலும் அந்தக் குடும்பத்து ரத்தம் இல்லை. வீடு வேண்டுமானால் பெயரைச் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கம் தத்துப் பிள்ளைக்குச் சொத்தோடு இனிஷியலும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே முழு ஆளே மாறி, பெயர் மட்டும் நிற்கிறது.

ஃபிரான்சஸ் எதையும் மாற்றவில்லை. சர் ஹாரி இருந்தபோது எப்படியோ அப்படியே என்று வைத்திருந்தாள். அவளிடம் வீட்டு நிர்வாகம் பார்த்த சாரா வெல்ஸின் மகன்தான் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அட்மிரலின் மனைவி, நைந்துபோன 18ஆம் நூற்றாண்டுத் திரைச்சீலைகளை சோப்புவேர் என்ற செடியை ஊறவைத்த தண்ணீரில் அலசியே மீட்டெடுத்தாராம். பட்டுக்குப் பூந்திக்கொட்டை போடுகிற மாதிரி. என் மனைவிக்கு அந்த அம்மாளை உடனே பிடித்துவிட்டது.

1989 ஆகஸ்ட் 30 அன்று, கூரையில் ஈயத் தகடு பற்றவைக்கும் வேலை நடந்தபோது தீப்பிடித்து மேல்தளம் முழுக்கப் போயிற்று. வேலை முடிய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. ஆட்கள் வரிசையாக நின்று கீழ்த்தளச் சாமான்களைக் கைமாற்றி வெளியே எடுத்திருக்கிறார்கள். பொம்மை வீடும் அப்படித் தப்பியதுதான். தீக்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டி 1995ல் திறந்தார்கள். அறையில் நின்ற தன்னார்வலர் அம்மா ஒருவர், பழைய சுவர்த்தாளும் புதுசும் சேரும் இடத்தை விரலால் காட்டினார். அவர் காட்டியிருக்காவிட்டால் தெரியாது.

ஸ்கோனும் டீயும் மூன்று பேருக்கு 19 பவுண்ட். ஸ்கோன் கொஞ்சம் மாவாக இருந்தது, ஜாம் பிரமாதம்.

ஜூலை 12, வெள்ளி – வடக்கு நோக்கி

கார்லைலுக்கு ரயில். நடுவில் ஒரு ஸ்டேஷனில் சிக்னல் கோளாறு என்று நிறுத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. எதிர் சீட்டில் இருந்த பாட்டி பையைத் திறந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். யாரும் சத்தம் போடவில்லை. பெருமூச்சு மட்டும் அவ்வப்போது கேட்டது. மகள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் கைகொடுத்தது.

“ஏங்க, இந்தப் பேரை வெச்சுக்கிட்டு ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எப்படி எடுப்பாங்க?” என்றாள் மனைவி. அவளுக்கு அந்த நேரத்தில் ஜார்ஜ் வில்லியம் ஃபெதர்ஸ்டன்ஹாவின் கதையைச் சொன்னேன்.

1780ல் லண்டனில் பிறந்தவர். அமெரிக்கா போய், நியூயார்க் மாநிலத்தின் முதல் ரயில்பாதைக்கு முன்னின்று, 1834ல் அமெரிக்க அரசின் முதல் நிலவியலாளர் ஆனார். அப்புறம் பிரிட்டனுக்காகக் கனடா எல்லைத் தகராறில் வேலை. கடைசியில் பிரான்சில் ல ஆவ்ர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் துணைத்தூதர். 1848ல் பாரிசில் புரட்சி வெடித்து மன்னர் லூயி ஃபிலிப் ஓடிவருகிறார். இவர்தான் கப்பல் ஏற்றிவிடுகிறார். கூட்டத்தின் நடுவே மன்னரைப் பார்த்து “வாங்க மாமா, சௌக்கியமா?” என்கிற தோரணையில் பேசி அழைத்துப் போகிறார். மன்னருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? மிஸ்டர் ஸ்மித். இங்கிலாந்தில் இதைவிடச் சாதாரணமான குடும்பப் பெயர் கிடையாது. அரிய பெயர்க்காரர் மறைந்துகொள்ள ஓர் இடம் தேடினால் அதுதான் கிடைக்கும். தன் பெயரை ஒரு தடவை சொன்னால் யாருக்கும் மறக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கார்லைல் வந்து சேரும்போது இரவு எட்டரை. இன்னும் வெளிச்சம். விடுதியில் கெட்டிலும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள்.

ஜூலை 13, சனி – கர்க்கோஸ்வால்ட்

செட்டில்–கார்லைல் ரயில்பாதையில் லேசன்பி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து ஈடன் ஆற்றைத் தாண்டினால் கர்க்கோஸ்வால்ட். வருவதாகச் சொன்ன டாக்ஸி வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. சரி, நடப்போம் என்று நடந்தோம். பாலத்தின் நடுவில் மழை பிடித்தது, குடை மேல்நோக்கி விரிந்து கம்பி உடைந்தது. பின்னால் வந்த லேண்ட்ரோவர் ஒன்று நின்றது. சேற்று பூட்ஸ் போட்ட விவசாயி. பின் சீட்டிலிருந்த நாயை முன்னே தள்ளிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். எங்கிருந்து என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், “ஓ, காலேஜ் ஆட்கள்” என்றார்.

காலேஜ் என்றால் படிக்கிற இடமில்லை. 16ஆம் நூற்றாண்டில் குருமார் சிலர் சேர்ந்து வாழ்ந்த மடம். அந்த நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில் மூடப்பட்டு, இந்தக் குடும்பத்தின் வடக்குக் கிளை ஒன்றின் வீடானது. தனியார் வீடு. சாலையிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

இந்தக் கிளையில் வந்தவர் சர் திமொத்தி. அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றார். 1651 ஆகஸ்டில் விகன் அருகே நடந்த சண்டையில் பிடிபட்டு, அக்டோபர் 22 அன்று செஸ்டரில் தலை வெட்டப்பட்டார். தோற்ற பக்கம் நின்ற குடும்பங்களின் நிலம் எப்படிக் கரையும் என்று பத்திரம் படித்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அபராதம், அடமானம், கிரயம் என்று ஒவ்வொன்றாகப் போகும். நிலம் போனால் ஊர்ப் பெயர் வைத்த குடும்பத்துக்கு ஊர் இல்லை.

தேவாலயம் விசித்திரமாக இருக்கிறது. கட்டடம் குன்றின் அடியில், மணிக்கூண்டு மட்டும் தனியாகக் குன்றின் உச்சியில். பள்ளத்தில் மணி அடித்தால் ஊருக்குக் கேட்காதாம். தேவாலயச் சுவரை ஒட்டி ஊற்று ஒன்று வெளியே வருகிறது, தண்ணீர் பனிக்கட்டி மாதிரி.

பப்பில் கம்பர்லாந்து சாசேஜ், மசித்த உருளை, கிரேவி. நத்தைச் சுருள் மாதிரி ஒரே நீளச் சாசேஜ், மிளகு தூக்கல். 14 பவுண்ட் 50. ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டேன். பரிமாறிய பையன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தட்டும், இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கிரேவியும் கொண்டுவந்து வைத்தான்.

ஜூலை 14, ஞாயிறு – ஹால்ட்விசில்

ஊர் முழுக்க வெள்ளையும் சிவப்புமாகக் கொடி. ராத்திரி பெர்லினில் யூரோ கோப்பை இறுதிப் போட்டி, இங்கிலாந்தும் ஸ்பெயினும். பிரிட்டனின் நடுமையம் எங்கள் ஊர்தான் என்று ஹால்ட்விசில்காரர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். கடைத்தெரு சின்னது. எதிரே வருகிற எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். லண்டனில் இருந்து வந்தால் முதலில் திடுக்கிடும்.

தங்கிய வீடு இருவருக்கு 85 பவுண்ட், காலை உணவோடு. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது இருக்கும். எதற்கு வந்தோம் என்று கேட்டு, “ஃபெதர்ஸ்டோனா?” என்றார். ஃபான்ஷா என்று நான் சொன்னதும் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. இந்தப் பக்கம் அப்படி யாரும் சொல்வதில்லையாம். இந்தக் குடும்பத்தின் பழைய கோட்டையும் ஃபெதர்ஸ்டோன், ஊராட்சியும் ஃபெதர்ஸ்டோன். வால் மட்டும் இங்கே உதிர்ந்துவிட்டது. ஆட்களிலும் எத்தனையோ பேர் வாலை உதிர்த்து ஃபெதர்ஸ்டோன் என்று ஆகியிருப்பார்கள். ஆனால் யார்க்‌ஷயரிலும் ஸ்டாஃபர்ட்‌ஷயரிலும் அதே பெயரில் வேறு ஊர்கள் இருப்பதால், ஒரு ஃபெதர்ஸ்டோனைப் பார்த்து இந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிட முடியாது. நீளமாக எழுதுகிறவர்களை மட்டும்தான் தயங்காமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தலாம். எதிர்ப்பக்கத்தில், ஃபான்ஷா என்றே எழுதும் குடும்பம் ஒன்றும் உண்டு. அவர்கள் டெர்பிஷயர்க்காரர்கள். இந்த ஃபான்ஷாவுக்கும் அந்த ஃபான்ஷாவுக்கும் பேச்சில்தான் உறவு.

ராத்திரி பப்பில் உட்கார இடமில்லை. தூணில் சாய்ந்து நின்றோம். ஓர் இளைஞன் எழுந்து என் மனைவிக்கு ஸ்டூல் கொடுத்தான். பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் பைன்ட். இடைவேளையில் பேச்சுக் கொடுத்தார். குடும்பப் பெயர் தேடி வந்தோம் என்றதும் மனுஷன் பந்தாட்டத்தையே மறந்துவிட்டார்.

எல்லைப்புறத்தில் குடும்பப் பெயர் என்றால் படை என்றார். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 1603ல் இரு நாட்டுக்கும் ஒரே அரசர் வரும்வரை, ஸ்காட்லாந்து எல்லையில் மாடு திருடுவதும், திருடியவன் வீட்டைக் கொளுத்துவதும்தான் வாழ்க்கை. சட்டம் எட்டாத இடத்தில் பெயர்தான் காவல். ஒரே பெயர்க்காரர்கள் ஒன்றாகக் குதிரை ஏறுவார்கள். டைன் பள்ளத்தாக்கில் சார்ல்டன், ராப்சன், மில்பர்ன், டாட் என்று நான்கு பெரிய பெயர்கள். “1966ல் கோப்பை வாங்கின பாபி சார்ல்டன் யாரு? அப்பா பக்கம் சார்ல்டன், அம்மா பக்கம் மில்பர்ன்” என்றார். போன அக்டோபரில்தான் பாபி சார்ல்டன் இறந்தார். அதைச் சொல்லும்போது பெரியவர் குரல் கம்மியது.

எனக்கு அப்போதுதான் ஒரு கணக்குப் பிடிபட்டது. சார்ல்டனும் ராப்சனும் குலமாகப் பெருகிய பெயர்கள். அண்ணன் தம்பி, பங்காளி, அண்டியவன் என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஃபெதர்ஸ்டன்ஹா அப்படியில்லை. அது ஒரு துண்டு நிலத்தின் சொந்தக்காரர் என்பதற்கான பெயர். நிலத்தை வைத்திருந்தவனுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அதனால்தான் அரிதாகவே இருந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

73வது நிமிஷம் பால்மர் கோல் போட்டபோது கூரை பறந்தது. யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார், சட்டையெல்லாம் பீர். 86வது நிமிஷம் ஸ்பெயின் அடித்தது. 2–1. அப்புறம் அந்தப் பப்பில் கேட்ட அமைதியை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. பெரியவர் மட்டும் போகும்போது திரும்பி வந்து, “நாளைக்குப் பழைய ரயில்பாதை வழியா நடங்க, ரோட்டுல போகாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 15, திங்கள் – ஃபெதர்ஸ்டோன் கோட்டை

காலையில் சிங்கிங் ஹின்னி. மாவு, வெண்ணெய், பன்றிக் கொழுப்பு, உலர் திராட்சை சேர்த்துப் பிசைந்து, கனத்த இரும்புக் கல்லில் போட்டுச் சுடுகிறார்கள். கொழுப்பு உருகிக் கல்லில் படும்போது ‘ஸ்ஸ்…’ என்று மெலிசாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதுதான் பாட்டு. ஹின்னி என்றால் இந்தப் பக்கத்தில் ‘கண்ணு’ மாதிரி ஒரு செல்ல விளிப்பு. வீட்டுக்கார அம்மா என் மனைவியை அடுப்படிக்குக் கூப்பிட்டுத் திருப்பச் சொன்னார். தோசை திருப்பிய கை, உடையவே இல்லை. அதன்பிறகு அவரும் இவளை ஹின்னி என்றே கூப்பிட்டார்.

பழைய ரயில்பாதை என்று பெரியவர் சொன்னது ஹால்ட்விசிலில் இருந்து ஆல்ஸ்டன் போன கிளைப்பாதை. 1852ல் போட்டு 1976ல் மூடினார்கள். இப்போது நடைபாதை. இரண்டு பக்கமும் காட்டுப் பூக்கள், முயல், ஈரம். தூறல் வருவதும் போவதுமாக இருந்தது. மனைவிக்கு முழங்கால் பிரச்சினை, நிதானமாகத்தான் நடந்தோம்.

பாதையிலிருந்து கீழே இறங்கி ஆற்றை நோக்கித் திரும்பினால், அதோ. சவுத் டைன் ஆறு ஒரு வளைவு வளைகிறது. வளைவுக்குள் தட்டையாக, பச்சையாக ஒரு படுகை. ஆடுகள் மேய்கின்றன. அதன் ஓரத்தில் கோட்டை. நான் கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டேன். ஹா என்று முடிகிறதே, அந்த ‘ஹா’ இதுதான். ஆற்று வளைவில் தண்ணீர் ஒதுக்கிய தட்டை நிலத்துக்கு இந்தப் பக்கத்தில் அப்படிப் பெயர். முன்பாதிக்கும் இறகுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்காரர்கள். பழைய ஆங்கிலத்தில் ‘ஃபெயோதர்’ என்றால் நான்கு, ‘ஸ்டான்’ என்றால் கல். மூன்று கல் நிற்க, ஒரு கல் மேலே படுத்த கற்திட்டை. ஆக, நான்கு கல் இருக்கும் படுகை. காவிரிக் கரையில் எத்தனை பத்திரத்தில் ‘படுகை நஞ்சை’ என்று நான்கெல்லை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு சர்வே எண்ணின் நான்கெல்லை விவரம் நடந்துபோய் ஒரு மனிதனுக்குப் பெயராக உட்கார்ந்துவிட்டது.

பிரான்சிலிருந்து நார்மன்கள் 1066ல் படையெடுத்து வந்த பிறகுதான் இங்கே நிலக்காரர்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து, அதைப் பிள்ளைக்கும் விட்டுச் செல்ல ஆரம்பித்தார்கள். பெயர் நிலைத்தால்தான் நிலம் இன்னாருடையது என்று கேள்வியில்லாமல் இறங்கும். இந்த இடத்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே இவர்கள் வீடு இருந்தது. 1330 வாக்கில் தாமஸ் த ஃபெதர்ஸ்டன்ஹா அதன் பக்கத்தில் காவல் கோபுரம் எழுப்பினார். மாடு திருட வருகிறார்கள் என்றால் கீழே மாட்டை அடைத்து, மேலே ஆட்கள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். கோட்டை தனியார் வசம், வெளியே இருந்துதான் பார்த்தோம். கொத்தளம் மாதிரித் தெரியும் அலங்காரக் கோபுரங்கள் எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் வாலஸ் சேர்த்தவை. அந்த வாலஸ், இந்தியாவை மேற்பார்த்த லண்டன் கட்டுப்பாட்டு வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர். சென்னை மாகாணத்துக் கோப்புகள் அவர் மேசையைக் கடந்திருக்கும்.

நடுவில் கோட்டை ஒரு தடவை குடும்பத்தின் கையை விட்டுப் போய், நியூகாசிலில் மேயராக இருந்த மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா 1711ல் திரும்ப வாங்கினார். அவர் மகன்தான் அப்பார்க்கை வாங்கிய சர் மேத்யூ. அப்பா பாடுபட்டு மீட்ட பூர்வீகம், பிள்ளை தெற்கே போனதும் தூரத்துச் சொத்தாகி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வாலஸ் குடும்பத்துக்குக் கிரயமாகிவிட்டது. அந்த அப்பாவை நினைத்து எனக்கு மனசு கனத்தது. பெயரை நிலத்தோடு சேர்த்து வைக்க அவர் பட்ட பாடு ஒரு தலைமுறை கூடத் தாங்கவில்லை. பெயருள்ளவர்கள் போனார்கள், படுகை இங்கேயே இருக்கிறது.

நாயோடு வந்த ஒரு பெண்மணி, பேய்க் கதை தெரியுமா என்று கேட்டார். இந்த வீட்டுப் பெண் அபிகெயிலுக்கு விருப்பமில்லாத இடத்தில் கல்யாணம். கல்யாணக் கூட்டம் வேட்டைக்குப் போனது. காதலன் ஆட்களோடு வழிமறிக்க, சண்டையில் பெண் உள்பட எல்லோரும் செத்தார்கள். அப்பா விருந்து மேசையில் காத்திருக்கிறார். நள்ளிரவில் குதிரைச் சத்தம். கதவு திறக்கிறது. கூட்டம் உள்ளே வந்து உட்காருகிறது, நாற்காலி நகரும் ஓசை இல்லை. அவர் நிறுத்திவிட்டு நாயைத் தட்டிக்கொடுத்தார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஆற்றோரமாக, புல்லுக்குள் கான்கிரீட் அடித்தளங்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இங்கே ஜெர்மன் அதிகாரிகளுக்கான கைதி முகாம், எண் 18. ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள்; 1948ல் மூடினார்கள். வாயில் தூணில் ஹெர்பர்ட் சுல்ஸ்பாக்கை நினைவுகூரும் பலகை. ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்த யூதர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டவர், ஹிட்லர் வந்ததும் நாடு விட்டு ஓடி, பிரிட்டிஷ் ராணுவத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனவர். தன் இனத்தை அழித்த ராணுவத்தின் அதிகாரிகளோடு இந்தப் படுகையில் தினமும் உட்கார்ந்து பேசினார். விவாதம், நாடகம், சொந்தமாகப் பத்திரிகை என்று முகாமையே மாற்றினார். ஊருக்குத் திரும்பிய கைதிகள் பிற்பாடு ஜெர்மனியில் ஓர் அமைப்பு வைத்தார்கள், ஃபெதர்ஸ்டோன் பார்க் என்ற இந்த இடத்தின் பெயரிலேயே. இந்த நிலத்தின் பெயரைத் தாங்கியவர்களில் என்னை அதிகம் தொட்டவர்கள் அவர்கள்தான்.

திரும்பும்போது மழை கொட்டியது. ஷூவுக்குள் தண்ணீர். வீட்டுக்கார அம்மா உள்ளே செய்தித்தாளைத் திணித்து அடுப்பருகே வைத்தார். ராத்திரி மீன் வறுவலும் உருளை வறுவலும், 11 பவுண்ட். வினிகர் போதுமா என்று கேட்டுக் கேட்டு ஊற்றினான் கடைப் பையன்.

ஜூலை 16, செவ்வாய் – ஆல்ஸ்டன்

வழியில் லாம்ப்லி மேம்பாலம். 105 அடி உயரம், கீழே ஆறு பழுப்பாகப் பொங்கி ஓடியது. நடுவில் காற்று ஆளைத் தள்ளுகிறது. மனைவி பாதி தூரம் வந்து திரும்பிவிட்டாள்.

ஆல்ஸ்டன் மலைமேல் இருக்கும் சந்தை ஊர். கல் பாவிய தெரு செங்குத்தாக ஏறுகிறது. ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். இங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1808ல் வந்த வால்டர் ஸ்காட்டின் ‘மார்மியன்’ காவியத்தில், ஃபெதர்ஸ்டன்ஹா ஒருவரை ரிட்லி, தேர்ல்வால் என்ற எல்லைப்புறக் குடும்பங்கள் சேர்ந்து கொன்றதாக ஒரு நாட்டுப் பாடல் இடம்பெற்றது. ஆல்ஸ்டன் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எண்பது வயதுத் தாய் பாடக் கேட்டு எழுதியது என்று சொல்லி, ராபர்ட் சர்ட்டீஸ் என்ற வரலாற்று ஆய்வாளர் அதை ஸ்காட்டுக்கு அனுப்பியிருந்தார். பாட்டியும் இல்லை, பாட்டும் இல்லை. எல்லாம் அவரே எழுதியது. ஸ்காட் 1832ல் இறக்கும்வரை அவருக்குத் தெரியாது. 1834ல் சர்ட்டீஸ் இறந்த பிறகுதான் குட்டு உடைந்தது.

இதைக் கெட்டிக்காரத்தனம் என்று ரசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வட்டாரத்தின் வரலாற்றைப் பாடுபட்டுத் திரட்டிய மனிதர் அவர். அவருக்கே தெரியும், ஒரு பெயரின் பக்கத்தில் பொய்ப் பத்திரம் சேர்ந்தால் அதைப் பிரித்தெடுக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று. ரிட்லிகள் மீது ஒரு கொலையையும், ஆல்ஸ்டனின் ஏழைப் பாட்டி ஒருத்தியின் வாயில் ஒரு பொய்யையும் வைத்துவிட்டுப் போனார். நிஜமாகவே பாடிய பாட்டிகள் இந்தத் தெருவில் இருந்திருப்பார்கள். அவர்களிடம் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

மளிகைக் கடையில் முழுக் கடுகு போட்ட மஸ்டர்ட் ஒரு பாட்டில், மகளுக்கு. 4 பவுண்ட் 50. பஸ் மூன்று மணி நேரத்துக்கு இல்லை என்பதால் கடைக்கார அம்மா தன் மச்சினனைக் கூப்பிட்டு வண்டி ஏற்பாடு செய்தார். ஹால்ட்விசில் வரை 30 பவுண்ட் கேட்டார், வழியில் கோட்டை தெரியும் இடத்தில் அவராகவே நிறுத்தினார். நாளை செஸ்டர், சர் திமொத்தியை வெட்டிய ஊர். அதன்பிறகு ரெடிங்.